லஸ்கர் நடக்கத் தொடங்கும் இடம்

எங்கள் ஸ்டுடியோவின் இயக்குநர்கள் இருவரும் ஒரு வாசலைத் தாண்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கையில் கொஞ்சம் நேரத்தோடு போக வேண்டும். பேசிக்கொண்டே வருவார்கள். நிலைப்படி வந்ததும் இருவரும் நின்றுவிடுவார்கள். "போய்யா" என்பார் ஒருவர். "நீ போ, நான் வர்றேன்" என்பார் மற்றவர். உள்ளே மேசைமேல் வைத்த டீயில் ஆடை படிந்துகொண்டிருக்கும். கடைசியில் இருவரும் ஒரே சமயத்தில் நுழையப் பார்த்து, தோளில் தோள் இடித்து, சலித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். இது தினமும் நடக்கும்.

சேர்ந்த புதிதில் இதை மரியாதை என்று நினைத்தேன். பிறகு வீம்பு என்று நினைத்தேன். கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி உண்டு. ஒருவர் ஏன் அப்படி உட்காருகிறார், ஏன் அப்படித் திரும்புகிறார் என்று தெரியாவிட்டால் சாப்பாடு இறங்காது. ஆனால் முதலாளிகளிடம் போய் வாசல் பற்றி எப்படிக் கேட்பது என்று பல வருஷம் அடக்கிக்கொண்டிருந்தேன்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ரைஸ் மில்லின் மாடியில்தான் ஸ்டுடியோ. நான் தஞ்சாவூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வருவேன். எங்கே வேலை என்று ரயிலில் கேட்பவர்களிடம் "பொம்மைப் படம் எடுக்கிறோம்" என்றால், "தலையாட்டி பொம்மையா?" என்பார்கள். இல்லை, டி.வி.யில் ஓடும் படம் என்றால், "அத எதுக்கு நீடாமங்கலத்துல வச்சு எடுக்குறாங்க?" என்பார்கள்.

இயக்குநர்களில் உயரமானவரைப் பெரிய சார் என்போம், குள்ளமானவரைச் சின்ன சார் என்போம். வயதில் சின்ன சார்தான் மூத்தவர். பெரிய சார் குத்தாலம் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளை. நில உச்சவரம்புச் சட்டத்தில் போனது போக, பாகப் பிரிவினையில் உடைந்தது போக, அவர் பங்குக்கு மிஞ்சியது இந்த மில் ஒன்றுதான். சின்ன சார் அதே பக்கத்தில் பண்ணை வேலை பார்த்த குடும்பம். அவருடைய அப்பாவுக்குக் கடைசிவரை சொந்த நிலம் கிடையாது. இப்போது சின்ன சாரின் தம்பி சொந்தமாகப் பயிர் வைக்கிறார், மகள் திருச்சியில் டாக்டராக இருக்கிறாள்.

இருவரும் ஓவியக் கல்லூரியில் பக்கத்துப் பக்கத்து இடம். தேர்தல் வந்தால் சுவரெழுத்துக்குப் போவார்களாம். ஒருவர் ஒரு கழகத்தின் சின்னத்தை வரைவார், இன்னொருவர் எதிர்க் கழகத்தின் சின்னத்தை வரைவார். ஒரே சுவரின் இரண்டு பக்கங்களையும் முடித்துவிட்டு ஒரே வாளியில் பிரஷ் கழுவுவார்களாம். அப்புறம் சினிமாக் கொட்டகைக்கு விளம்பர ஸ்லைடு, அதற்கப்புறம் உள்ளூர் கேபிளில் ஜவுளிக்கடைக்காக ஆடும் யானை, பிறகு சென்னைச் சேனல்களுக்குக் குழந்தைகள் தொடர் என்று வந்து சேர்ந்ததுதான் எங்கள் ஸ்டுடியோ.

நான் எங்கள் லுத்தரன் சபையின் ஞாயிறு பள்ளிக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தவள். ஃபிளானல் துணி போர்த்திய பலகையில் ஆட்டிடையனை ஒட்டுவோம், பிறகு பிய்த்து நாலு விரற்கடை தள்ளி ஒட்டுவோம், அவன் நடந்துவிட்டான் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். நடுவில் அவன் என்ன செய்தான் என்று நான் மட்டும் யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த யோசனைதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டது.

ஸ்டுடியோவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. எதை வரைவதற்கு முன்பும் அதன் முன்னால் நின்று நாமே ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பது வழக்கம். பாத்திரம் குனிந்தால் நாமும் குனிய வேண்டும். மூட்டைப்பூச்சி கடித்தால் நாமும் சொறிந்துகொள்ள வேண்டும். இதில் இயக்குநர்களுக்குள் ஒரு பங்கீடு இருந்தது. யாரும் பேசி வைத்ததில்லை, ஆனால் மாறியதும் இல்லை. ஆள் நிற்கிற ஷாட்டெல்லாம் பெரிய சாருடையது. ஆள் நடக்கிற ஷாட்டெல்லாம் சின்ன சாருடையது. முக்கியமான படங்களை அவர்கள் வரைந்து கொடுப்பார்கள், நடுவில் வருகிறவற்றை நாங்கள் நிரப்புவோம்.

பெரிய சார் கண்ணாடி முன் நிற்கும்போது இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பாரம் முழுக்கக் குதிகாலில் இருக்கும். ஒரு முட்டி லேசாகத் தளர்ந்திருக்கும், முகவாய் கொஞ்சம் தூக்கியிருக்கும். வேலை நடந்துகொண்டிருக்கிறது, தான் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்கிற நிற்பு அது. சின்ன சார் நடந்தால் கட்டைவிரல்தான் முதலில் தரையை அழுத்தும். முட்டி ஒருபோதும் முழுதாக நிமிராது. அகலமான அறையிலும் ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்துத்தான் நடப்பார். வரப்பில் நடந்து வளர்ந்த கால் அது, இடம் இருக்கிறது என்று சொன்னாலும் நம்பாது.

இதனால் எங்கள் படங்களில் ராஜாவாக இருந்தாலும் மிராசுதார் போல நிற்பார், நாற்றுக்கட்டு சுமந்தவர் போல நடப்பார். போலீஸ்காரரும் அப்படித்தான், பூனையும் அப்படித்தான். யாரும் குறை சொன்னதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பெரிய சாருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. சின்ன சாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. "இத்தோட போதும்னு இருக்கோம்மா" என்றார் சின்ன சார். சென்னையில் ஒரு கம்பெனி ஸ்டுடியோவை அப்படியே கேட்கிறது, தொடரும் பெயரும் அவர்களுக்குப் போய்விடும், வர முடிந்தவர்கள் சென்னைக்குப் போகலாம் என்று பெரிய சார் விளக்கினார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடலாம்னு இவன் சொல்றான்" என்றார் சின்ன சார். "லஸ்கர் தொடர்ல அடுத்த எபிசோட நாங்க தொட மாட்டோம். நீங்களே முடிங்க. சேனல் ஏத்துக்கிட்டா ஸ்டுடியோ இங்கயே இருக்கட்டும், நீ பாத்துக்க. ஏத்துக்கலன்னா சென்னைக்காரங்க எடுத்துக்கட்டும்."

நீ என்றது என்னை. எனக்கு அது வேண்டும் என்று அந்த நிமிஷமே தெரிந்தது. சென்னைக் கம்பெனி என் வயதில் இருப்பவளைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளாது என்பது ஒரு காரணம். வரைகிற பெண்களில் பாதிப் பேர் பக்கத்து ஊர்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர்கள், ஒருத்தி கைக்குழந்தைக்காரி, அவர்கள் எங்கே சென்னைக்குப் போவது என்பது இன்னொரு காரணம். ஆனால் உள்ளே இருந்த காரணம் இது இரண்டும் இல்லை. அந்தக் கண்ணாடி எனக்கு வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

லஸ்கர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற பொதுப்பணித் துறை ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். எங்கள் தொடரின் நாயகன் அப்படி ஒரு லஸ்கர். இந்த எபிசோடின் கடைசியில், காய்ந்து கிடக்கும் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும். மதகுப் பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர் இறங்கி, தண்ணீருக்கு முன்னால் நடந்து போய் ஊருக்குச் சேதி சொல்வார்.

பூர்வாங்கமாக வரைந்து சேனலுக்கு அனுப்பினோம். சேனல் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண், வீடியோ காலில் வந்தாள். "மேடம், எல்லாம் சூப்பர். அந்தக் காக்கா மட்டும் வேணாம்."

"எந்தக் காக்கா?"

"அவர் நிக்கிறார், உடனே ஒரு காக்கா ஷாட் வருது, அப்புறம் பாத்தா நடந்துட்டு இருக்கார். தண்ணிய பாத்ததும் நடக்க ஆரம்பிக்கிறார்ல, அது கட் இல்லாம ஒரே ஷாட்ல வேணும். பசங்க அதத்தான பாக்கணும்? அப்புறம் அந்தப் பச்சைத் துண்டு. ஏதோ சங்கத்துக்காரர் மாதிரி இருக்கு, மாத்திடுங்க."

இவ்வளவுதானே என்று நினைத்தேன். பெரிய சாரின் நிற்பு எங்களுக்கு மனப்பாடம், சின்ன சாரின் நடையும் மனப்பாடம். இரண்டையும் ஒட்டி நடுவில் படங்களை நிரப்பினோம். ஓட்டிப் பார்த்தால் பாலத்தின்மேல் மிராசுதார் நிற்கிறார், திடீரென்று இடுப்பு ஒடிகிறது, வேறு யாரோ நடந்து போகிறார். கைக்குழந்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, "பேய் புகுந்த மாதிரி இருக்குக்கா" என்றாள்.

திருத்தினோம். பேய் மெதுவாகப் புகுந்தது. மறுபடி திருத்தினோம். பேய் யோசித்து யோசித்துப் புகுந்தது.

பழைய படங்களில் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்கலாமே என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டேன். என்னோடு எங்கள் ஓவியர்களில் ஒருவரான பாயும் உட்கார்ந்தார். அவர் அதிராம்பட்டினத்துக்காரர், ஸ்டுடியோவில் தண்ணீர், புகை, நெருப்பு எல்லாம் அவர் கை. கடல் பார்த்து வளர்ந்ததால் செம்புத் தண்ணீரில்கூட அலை அடிக்க வைத்துவிடுவார். இருவரும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தோம். ராஜா நிற்கிறார், தென்னைமரம், ராஜா நடக்கிறார். வாத்தியார் நிற்கிறார், சைக்கிள் மணி, வாத்தியார் நடக்கிறார். பூனை நிற்கிறது, காக்கை, பூனை நடக்கிறது.

"அக்கா, யாருமே கெளம்பலயே" என்றார் பாய்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. ஒரு பட விழாவில் ஒருவர் எங்கள் காக்கையைப் பற்றி உருக்கமாகப் பேசியிருக்கிறார். இந்த ஊரின் ஆன்மாவே அந்தக் காக்கைதான் என்கிற அளவுக்குப் போனார். அந்தக் காக்கை உட்கார்ந்திருந்தது இரண்டு இயக்குநர்களின் எல்லையில். இவர் பங்கு இங்கே முடிந்தது, அவர் பங்கு அங்கே தொடங்கியது, நடுவில் இருந்ததை யாரும் தொடவில்லை. இத்தனை வருஷப் படங்களில் ஓர் ஆள்கூட முதல் அடி எடுத்து வைத்ததில்லை. நானும் அத்தனை வருஷமும் அங்கேதான் உட்கார்ந்து வரைந்திருக்கிறேன்.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. அவர்களிடம் இல்லாத ஒன்றை நான் எங்கே போய்ப் பிடிப்பது?

இல்லை என்று எப்படித் தெரியும், கேட்டுப் பார்ப்போமே என்று கும்பகோணத்தில் இருந்த பெரிய சார் வீட்டுக்குப் போனேன். அவர் எபிசோடைப் பற்றிப் பேசமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "எபிசோட் இல்ல சார். நீங்க நிக்கிறது யாரு மாதிரி?" என்று கேட்டேன்.

"எங்கப்பா" என்றார் யோசிக்காமல். "வரப்புல நிப்பாரு. நான் ஸ்கூலுக்குப் போறப்பவும் நிப்பாரு, வர்றப்பவும் நிப்பாரு."

"அங்கேருந்து எப்படிக் கெளம்புவாரு?"

"நான் அதப் பாத்ததே இல்லம்மா" என்றார். பிறகு அவராகவே சொன்னார். "கூலித் தகராறு நடந்தப்ப ஆளுங்க யாரும் வயல்ல இறங்கல. அப்பவும் அவரு காலையில போயி அதே எடத்துல நின்னாரு. வயல்ல ஒரு ஆள் கெடையாது. எறங்கவும் தெரியாது, வீட்டுக்குத் திரும்பவும் மனசு இல்ல. எதப் பாத்துகிட்டு நின்னாருன்னு எனக்கு இன்னும் தெரியல."

நடுங்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மறுநாள் சின்ன சார் வீட்டுக்குப் போனேன். நீடாமங்கலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற ஊர், மாடி வீடு, முன்னால் தம்பியின் டிராக்டர் நின்றது. அவரிடம் நடையைப் பற்றிக் கேட்டால் நாள் முழுக்கப் பேசுவார். நான் நிற்பதைப் பற்றிக் கேட்டேன்.

"எங்கப்பா சும்மா நின்னு நான் பாத்தது ஒரே ஒரு நாள்" என்றார். "வேலைக்குப் போக மாட்டோம்னு எல்லாரும் ரோட்டுல நின்னாங்க பாரு, அன்னிக்கு. கையில மம்பட்டி இல்ல, நாத்துக்கட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. கைய எங்க வக்கிறதுன்னு அவருக்குத் தெரியல. கட்டிப் பாத்தாரு. அவுத்தாரு. துண்டுல தொடச்சாரு, ஒண்ணுமே இல்லாத கைய. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, சின்னப் பய. இப்ப நெனச்சா சிரிப்பு வர்றதில்ல."

"அத ஏன் சார் நீங்க வரையல?"

"வராதும்மா. வரைய உக்காந்தா கை நின்னுரும். அதான் நிக்கிறத அவன்கிட்ட விட்டுட்டேன்."

இவ்வளவு பேசியபிறகு இனி என்ன என்று வாசல் விஷயத்தையும் கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். கல்லூரி லீவில் ஒருமுறை பெரிய சார் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனாராம். பெரிய சார் முன்னால் போய் நிலைப்படி தாண்டிவிட்டார். இவர் பின்னால் காலெடுக்கும்போது உள்ளிருந்து ஒரு குரல், அந்தத் தம்பியைக் கொல்லைப் பக்கமாக வரச் சொல் என்றது. பெரிய சார் அப்படியே திரும்பி வெளியே வந்துவிட்டாராம். இருவரும் கடைத்தெருவில் போய்ச் சாப்பிட்டார்கள்.

"அதுலேருந்து எனக்கு முன்னாடி அவன் எந்த வாசலையும் தாண்ட மாட்டான்" என்றார். "சரி, நான் முன்னாடி போகலாம்தான். போனா அது அவன் விட்டுக்குடுத்ததா ஆயிருமே. எதுக்கு? அதான் நானும் நின்னுருவேன்."

இரண்டு பேருக்கும் அந்த வாசலில் கால் நின்றுபோயிருக்கிறது. அதைப் படத்தில் மட்டும் எப்படித் தாண்டியிருப்பார்கள்? திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு அவர்கள்மேல் கோபமும் வந்தது, அதைவிட அதிகமாகப் பாவமாகவும் இருந்தது. கேட்க வேண்டிய இடம் அது இல்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

நீடாமங்கலத்து ரயில்வே கேட்டை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போட்டால் போட்டதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி ஏறிக்கொள்ளலாம். எங்கள் மாடி வராந்தாவிலிருந்து பார்த்தால் கேட் நேர் கீழே தெரியும். அங்கே காத்திருக்கும் அத்தனை பேரும் நிற்கிறவர்கள், கேட் தூக்கியதும் நடக்கிறவர்கள். இத்தனை வருஷம் அதைத் திட்டித்தான் இருக்கிறேன், பார்த்ததில்லை.

நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேட் தூக்கும்போது ஆளுக்கொருவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறார் என்று சொல்ல வேண்டும். முதலில் ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. கால் கிளம்பும்போது எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கண் பழகியது. யாரும் காலிலிருந்து கிளம்புவதில்லை. முதலில் கண் கிளம்புகிறது. பிறகு கை. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுகிறார்கள், கைலியை ஏற்றிக் கட்டுகிறார்கள், குழந்தையை இடுப்பு மாற்றுகிறார்கள், ஒன்றுமே இல்லாதவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ஆச்சரியம். முன்னால் போவதற்கு முன், எல்லோரும் ஒரு பொட்டுப் பின்னால் சாய்கிறார்கள். பாரம் முழுவதையும் ஒரு காலில் இறக்குகிறார்கள். அப்படி இறக்கினால்தான் மறு கால் லேசாகிறது.

ஒரு நாள் கேட்டில் ஊர்வலம் ஒன்று மாட்டிக்கொண்டது. வயலுக்குள் கேஸ் குழாய் பதிக்க அளவெடுக்க வந்தவர்களை எதிர்த்து, நாலைந்து ஊர்க்காரர்கள் கொடிகளோடு வந்திருந்தார்கள். அந்த மாதம் பூராவும் இப்படித்தான், பஸ் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கேட் போட்டிருந்ததால் கோஷத்தை நிறுத்திவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தார்கள். முன்னால் மைக் பிடித்தவரும் போலீஸ்காரரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். கேட் தூக்கியது. பேச்சு முடியவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள், முன்னால் இருப்பவர் கிளம்பட்டும் என்று பார்த்தார்கள். நடுவில் நின்ற ஒரு பெண்மணி, நடவு வேலைக்குப் போகிறவர் போலத் தலையில் துணி கட்டியிருந்தவர், கொசுவத்தை இழுத்துச் செருகினார். உள்ளங்கைகளைப் புடவையில் துடைத்தார். லேசாகப் பின்னால் சாய்ந்தார். நடந்துவிட்டார். மைக் பிடித்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கூட்டம் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டது.

"இடது கால்" என்று மூன்று பெண்கள் ஒன்றாகச் சொன்னார்கள்.

அன்றைக்கே கண்ணாடி முன்னால் போய் நின்றேன். முதலில் பெரிய சார் போல நின்றேன். கையைப் பின்னால் கட்டினேன், பாரத்தைக் குதிகாலில் இறக்கினேன். பிறகு மெதுவாகப் பாரத்தை வலது காலுக்கு மாற்றினேன். இடது கால் தரையிலிருந்து எழுந்தது. அப்போது பார்த்தேன், கண்ணாடியில் ஒரு கால் நின்றுகொண்டிருந்தது, ஒரு கால் நடந்துகொண்டிருந்தது. குதிகாலில் நிற்பது பெரிய சார், கட்டைவிரலால் தரையைத் தேடுவது சின்ன சார். அவர்கள் பிரித்து வைத்துக்கொண்ட இரண்டும் ஒரே உடம்பில் ஒரே சமயத்தில் இருக்க முடிகிற இடம் அது ஒன்றுதான். சந்தோஷத்தில் எனக்கு நிலை தவறி, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாயும் சும்மா இருக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் திறந்த அன்று கரையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "நான் இத்தன நாளா தப்பா வரஞ்சிருக்கேன்க்கா" என்றார். "அல எங்க அடிக்குது? வெடிப்புல எறங்கிடுது. நெறஞ்சாத்தான் அடுத்த எடத்துக்கு வருது. சருகு, வைக்கோல், எறும்பு எல்லாத்தையும் தூக்கிகிட்டு நின்னு நின்னு வருது." அவருடைய தண்ணீர் முதல்முறையாக நன்னீர் ஆனது.

ஷாட் முடிந்தது. லஸ்கர் பாலத்தில் நிற்கிறார், கை பின்னால் கட்டியிருக்கிறது. தண்ணீர் வளைவில் தலைகாட்டுகிறது. கண் போகிறது. கட்டிய கை அவிழ்கிறது. அவிழ்ந்த கைகளுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. முன்னால் வருகின்றன, துண்டைத் தொடுகின்றன, ஒன்றுமில்லாத உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கின்றன. உடம்பு லேசாகப் பின்னால் சாய்கிறது. அப்புறம் அவர் நடக்கிறார்.

சேனலிலிருந்து மறுநாளே பதில் வந்தது. கட்டைவிரல் தூக்கிய ஒரு பொம்மைப் படம், அதோடு ஒரு வரி: எபிசோட் ஓகே, ஆனால் துண்டு. பச்சையை எடுத்துவிட்டுச் சிவப்பு போட்டிருந்தோம். அது ஒரு கட்சி. மஞ்சள் போட்டோம், அதுவும் ஒரு கட்சி. கறுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. தமிழ்நாட்டில் யாருக்கும் சொந்தமில்லாத நிறத்தைத் தேடித் தேடி, கடைசியில் கட்டம் போட்ட துண்டில் வந்து நின்றோம்.

வெள்ளிக்கிழமை இயக்குநர்கள் பார்க்க வந்தார்கள். வாசலில் வழக்கம்போல "போய்யா", "நீ போ", தோள் இடி எல்லாம் ஆனது. உட்கார்ந்தார்கள். எபிசோடைப் போட்டேன். சிரிக்க வேண்டிய இடத்தில் இருவரும் சிரிக்கவில்லை. கடைசி ஷாட் வந்தது, போனது.

"அந்த ஷாட்ட மட்டும் இன்னொரு தடவ போடு" என்றார் சின்ன சார்.

போட்டேன். லஸ்கரின் கைகள் அவிழ்ந்து, தடுமாறி, துண்டில் துடைத்துக்கொண்டபோது சின்ன சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் ஆன கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் மகள் சொல்லியிருக்கிறாள், அவர் துடைத்தார். பெரிய சார் அவர் பக்கம் திரும்பி, "இது நீ நடந்து காட்டினதா?" என்று கேட்டார்.

"இல்ல. நீ நின்னு காட்டினதா?"

"இல்லயே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கீழ டீ சொல்லியிருக்கேன் சார், ஆறிடும், போகலாம்" என்றேன்.

எழுந்தார்கள். நடந்தார்கள். வாசல் வந்ததும் இருவரும் நின்றார்கள். நான் பின்னால் நின்று "போய்யா" வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெரிய சார் ஒரு பக்கமாக ஒதுங்கினார். சின்ன சார் மறுபக்கம் ஒதுங்கினார். நடுவில் வாசல் காலியாக இருந்தது.

"நீ போம்மா முன்னாடி" என்றார் சின்ன சார்.

கீழே ரயில்வே கேட் போட்டிருந்தது, ஹாரன்கள் கேட்டுக்கொண்டிருந்தன. என் கைக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. புடவையில் துடைத்துக்கொண்டேன். நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தேன். எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தேன் என்று கவனிக்கவில்லை.